யூசிபி1 இல்லாத பன்றி: ஒரு நிகழ்வு ஆய்வு

பிறந்த பன்றிக்குட்டியின் உடல் வெப்பம் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 2 டிகிரியோ அதற்கு மேலோ இறங்கிவிடும். தாயின் வயிற்றுக்குள் 39 டிகிரியில் இருந்த உயிர் அது. எடை ஒன்றேகால், ஒன்றரை கிலோ, உடம்பு முழுக்க ஈரம், ரோமம் பேருக்குத்தான். சுற்றிலும் ஏறக்குறைய 34 டிகிரி இருந்தால்தான் அந்தக் குட்டி கூடுதலாக எதையும் எரிக்காமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ளும். அதாவது நமக்குப் புழுக்கமாக இருக்கும் 28 டிகிரி இரவுகூட அதற்குக் குளிர். மார்கழி மாதக் கொட்டிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குளிர்ந்த குட்டிக்கு அடுத்து நடப்பது பண்ணை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நடுங்கும், சோர்ந்துபோகும், மடியைத் தேடிப் போய்ப் பால் குடிக்கத் தெம்பு இருக்காது, சீம்பால் கிடைக்காததால் நோய் எதிர்ப்பும் வராது. சூட்டுக்காகத் தாயை ஒட்டியே படுக்கும், 200 கிலோ தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கிச் சாகும். பதிவேட்டில் "நசுங்கியது" என்று எழுதுவார்கள். ஆனால் அந்தச் சாவுகளில் பலவற்றுக்குத் தொடக்கம் குளிர்தான். உயிரோடு பிறந்த குட்டிகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் பால் மறக்கும் முன்பே போய்விடுவது உலகம் முழுக்கச் சாதாரணம், அதில் பெரும்பகுதி முதல் மூன்று நாட்களில். இதை வெறும் பராமரிப்புக் குறை என்றோ சவலைக்குட்டி என்றோ சொல்லிக் கடந்துவிடுகிறோம். இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது, அந்தக் குட்டியின் குளிருக்கு ஒரு மரபணுக் காரணம் இருக்கிறது (சூடு உண்டாக்கும் யூசிபி1 என்ற புரதத்தின் மரபணு பன்றியில் வேலை செய்வதில்லை), அது கண்டுபிடிக்கப்பட்ட விதமும் படிப்படியாக நிரூபிக்கப்பட்ட விதமும் தெரிந்துகொள்ள வேண்டியவை, அதே சமயம் அந்தக் காரணம் மட்டுமே முழுக்கதை இல்லை.

ஆட்டுக்குட்டியைப் பாருங்கள். மழையில், காற்றில், திறந்த வெளியில் பிறந்து அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கிறது. அதன் சிறுநீரகத்தைச் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு என்ற ஒரு திசு இருக்கிறது. மனிதக் குழந்தைக்கும் கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் இருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் குளிரில் நம்மைப்போல் நடுங்குவதில்லை, நடுங்காமலேயே சூட்டை உண்டாக்குகின்றன. இந்தத் திசுவை முதலில் குறித்து வைத்தவர் கான்ராட் கெஸ்னர், 1551-இல், மலை அணில் இனமான மார்மட்டில். அது எதற்காக இருக்கிறது என்று புரிய 400 ஆண்டுகள் ஆனது.

அந்தத் திசு சூடாவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள், செல்லுக்குள் எரிப்பு நடக்கும் சிறு உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள புரதங்கள் வழியாகக் கைமாறிப் போய்க் கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அந்தப் பயணத்தில் கிடைக்கும் ஆற்றலை வைத்து அந்தப் புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. வெளியே குவிந்த புரோட்டான்கள் உள்ளே திரும்பப் பார்க்கும். திரும்பும் வழி ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி, அதன் வழியாக வரும்போது செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது. இதை 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை, 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அமைப்பில் எரிப்பதும் ஏடிபி செய்வதும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஏடிபி தேவைப்படாவிட்டால் புரோட்டான்கள் வெளியிலேயே தேங்கும், எரிப்பும் தானாகக் குறையும்.

பழுப்புக் கொழுப்பில் இந்த இணைப்பை அறுக்க ஒரு புரதம் இருக்கிறது. அதுதான் யூசிபி1, இணைப்பறுக்கும் புரதம் 1. அது அதே உட்சவ்வில் உட்கார்ந்துகொண்டு புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸைத் தொடாமலேயே உள்ளே திரும்ப வழிவிடுகிறது. ரைஸ் மில்லில் பெல்ட்டைக் கழற்றிவிட்ட மோட்டார் மாதிரி: மோட்டார் தடையில்லாமல் வேகமாக ஓடும், நெல் அரைபடாது. ஏடிபியாகப் போயிருக்க வேண்டிய ஆற்றல் முழுக்கச் சூடாக வெளிவருகிறது. இதற்குக் கட்டுப்பாடும் உண்டு. சாதாரண நேரத்தில் ஏடிபி, ஜிடிபி போன்ற நியூக்ளியோடைடுகள் யூசிபி1-ஐ அடைத்து வைத்திருக்கும். குளிர் பட்டதும் நரம்பிலிருந்து நார்அட்ரினலின் வரும், கொழுப்பு உடையும், அதிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்கள் யூசிபி1-ஐத் திறந்துவிடும். அதே கொழுப்பு அமிலங்கள்தான் எரிபொருளும். திறப்பதும் எரிவதும் ஒரே பொருள் என்பது எனக்கு இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது, இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை யோசிக்க முடியவில்லை. 1970-களில் டேவிட் நிக்கோல்ஸ், டேனியல் ரிக்கியே போன்றவர்கள் ஏறத்தாழ 32 கிலோடால்டன் அளவுள்ள ஒரு புரதமாக இதை அடையாளம் கண்டார்கள், 1980-களில் மரபணு வரிசையும் கிடைத்தது. மனிதரில் இது 4-ஆம் குரோமோசோமில் ஆறு எக்ஸான்களாக, அதாவது புரதத்துக்கான செய்தியைத் தாங்கும் ஆறு துண்டுகளாக இருக்கிறது.

சரி, பன்றிக்கு வருவோம்.

பன்றிக்குட்டியில் பழுப்புக் கொழுப்பு இருக்கிறதா என்பது வெகுகாலம் முடிவாகாத கேள்வி. நுண்ணோக்கியில் பார்த்தால் சில கொழுப்பு செல்கள் அப்படித் தோன்றும், சிலர் இருக்கிறது என்றார்கள், சிலர் இல்லை என்றார்கள். தோற்றத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. 1989-இல் பால் ட்ரேஹர்ன் குழு வேறு வழியில் போனது. யூசிபி1-ஐப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதத்தைக் கொண்டு பன்றியின் கொழுப்பில் அந்தப் புரதம் இருக்கிறதா என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. வளர்ப்புப் பன்றிக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது என்று எழுதினார்கள். நல்ல வேலை, ஆனால் அதோடு கேள்வியை மூட முடியாது. தேடியது கிடைக்கவில்லை என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம், அல்லது பன்றியின் யூசிபி1 சற்று மாறுபட்டு அந்த எதிர்ப்புப் புரதத்தின் பிடியில் சிக்காமல் போயிருக்கலாம். மரபணுவைப் பார்த்தால்தான் தீரும்.

அதைப் பார்த்தவர்கள் ஸ்வீடனின் உப்சாலாவில் லெய்ஃப் ஆண்டர்சன் குழுவினர், 2006-இல். அப்போது பன்றியின் முழு மரபணுத்தொகுதி வெளிவந்திருக்கவில்லை, அது வர 2012 ஆனது. ஆகவே தெரிந்த துண்டிலிருந்து தெரியாத பகுதிக்கு அடி அடியாக நகர்ந்து டிஎன்ஏ வரிசையைப் படித்தார்கள். மனித யூசிபி1-ஓடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதல் எக்ஸான் இருக்கிறது, இரண்டாவது இருக்கிறது, ஆறாவதும் இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்து இல்லை. நடுப்பகுதி அப்படியே வெட்டுண்டு போயிருக்கிறது. மீதியிருந்த எக்ஸான்களிலும் மரபணுவைக் கெடுக்கும் வேறு மூன்று மாற்றங்கள் இருந்தன. இதிலிருந்து வேலை செய்யும் புரதம் வர வழியே இல்லை. 1989-இல் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஆய்வுக்கூடத்தில் இல்லை, பன்றியின் டிஎன்ஏவில்தான் இருந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த வெட்டு எப்போது நடந்தது? கொழுப்பு குறைந்த இறைச்சிக்காக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்த வினை என்று ஒருவர் வாதிடலாம், இப்போதும் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. ஆண்டர்சன் குழுவினர் வளர்ப்புப் பன்றிகளோடு ஐரோப்பியக் காட்டுப்பன்றி, போர்னியோவின் தாடிப்பன்றி, ஆப்பிரிக்காவின் வார்ட்ஹாக், சிவப்பு ஆற்றுப்பன்றி எல்லாவற்றையும் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே வெட்டு. ஆப்பிரிக்கப் பன்றியும் போர்னியோப் பன்றியும் ஒரே வெட்டைச் சுமக்கின்றன என்றால் அவை பிரிவதற்கு முன்பே, இரண்டுக்கும் பொதுவான மூதாதையிலேயே அது நடந்திருக்க வேண்டும். பன்றியை மனிதன் பழக்கி சுமார் 10,000 ஆண்டுதான் ஆகிறது. மனிதன் மீது இந்தப் பழியைப் போட முடியாது.

காலத்தைக் கணக்கிட்ட முறை இது. ஒரு மரபணு வேலை செய்துகொண்டிருக்கும்வரை, புரதத்தைக் கெடுக்கும் மாற்றங்கள் வந்த உயிர் பிழைப்பது கடினம், ஆகவே அந்த மாற்றங்கள் தலைமுறைகளில் தங்காது. மரபணு செத்துவிட்டால் கேட்பாரில்லை, மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். பன்றியின் யூசிபி1-இல் மிச்சமிருக்கும் பகுதியில் இப்படிச் சேர்ந்த மாற்றங்கள் மனிதன், மாடு, எலி ஆகியவற்றின் வரிசைகளைவிடத் தெளிவாக அதிகம். எவ்வளவு அதிகம் என்பதை வைத்து, மரபணு செயலிழந்து ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று மதிப்பிட்டார்கள்.

2 கோடி ஆண்டுகளாக இல்லாமல் எப்படிப் பிழைத்தது? வெப்பமான இடத்தில் வாழ்ந்த மூதாதைக்கு யூசிபி1 பெரிதாகத் தேவைப்பட்டிருக்காது, கெட்டுப்போனபோது இழப்பு தெரிந்திருக்காது என்பதுதான் பொருத்தமான விளக்கம். பிறகு அதே வழியில் வந்த காட்டுப்பன்றி ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் பரவியபோது அந்த மரபணு திரும்பி வரவில்லை, மூன்று எக்ஸான் போனால் போனதுதான். அதற்குப் பதிலாகப் பழக்கம் வந்தது. குளம்புள்ள விலங்குகளில் குட்டி ஈனுவதற்கு முன் கூடு கட்டுவது பன்றி மட்டும்தான். காட்டுப்பன்றி தரையைத் தோண்டி, புல்லும் கிளையும் இலையும் சேர்த்து மேடாக்கி, அதற்குள் ஈனும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், நடுங்கித் தசையால் சூடு உண்டாக்கும். சிமெண்ட் தரையில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவில் திரும்பக்கூட முடியாமல் நிற்கும் பண்ணைத் தாய்ப்பன்றியும் ஈனுவதற்கு முந்தைய நாள் காலால் தரையைப் பறண்டுகிறது, கம்பியைக் கடிக்கிறது. அது கூடு கட்டப் பார்க்கிறது. மரபணு போனதற்கு ஈடாக நின்ற ஒரே பெரிய பாதுகாப்பையும் நாம் அதனிடமிருந்து எடுத்துவிட்டோம், இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பன்றி மட்டும் இப்படி இல்லை. 2017-இல் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் காட்ரி, கெவின் கேம்பல் குழு பாலூட்டிகளின் மரபணுத்தொகுதிகளை வரிசையாக அலசியது. குதிரை, யானை, திமிங்கிலம், எறும்புத்தின்னி, நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்று பல கிளைகளில் யூசிபி1 தனித்தனியாகச் செத்திருக்கிறது. பனியில் வாழ்ந்த கம்பளி மாமூத்துக்கும் இல்லை. பழுப்புக் கொழுப்பு இல்லாமல் பாலூட்டி குளிரில் வாழ முடியாது என்ற எண்ணம் இதோடு போனது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பெரிய உடம்புக்காரர்கள், குட்டியும் பெரியது. குதிரைக்குட்டி பிறக்கும்போதே 50 கிலோ இருக்கும், எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறைவு, சூடு மெதுவாகத்தான் வெளியேறும். பன்றியோ ஒரே ஈற்றில் பத்துப் பன்னிரண்டு என்று சின்னஞ்சிறு குட்டிகளை ஈனுகிறது. யூசிபி1 இல்லாததன் முழு விலையையும் கொடுப்பது இந்தக் குட்டிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "யூசிபி1 இல்லை, அதனால் குட்டி சாகிறது" என்று ஒரே வரியில் முடிப்பதை நான் ஏற்க மாட்டேன். பிறந்த பன்றிக்குட்டியின் உடம்பில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி செல் சவ்வுகளில் இருப்பது, எரிக்க எடுக்க முடியாதது. மனிதக் குழந்தையின் உடம்பில் பத்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு. ஆகவே யூசிபி1 இருந்திருந்தாலும் முதல் நாளில் அதற்குப் போட எரிபொருள் எங்கே? குட்டியிடம் இருப்பது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்த கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் சீம்பால்தான் வழி. இதோடு, ஈற்றுக்கு அதிகக் குட்டிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுத்து வளர்த்ததில் குட்டிகளின் சராசரி எடை குறைந்திருக்கிறது, சிறிய குட்டி இன்னும் வேகமாகக் குளிர்கிறது. மரபணு இழப்பு பழையது, மனிதன் சேர்த்த சுமை புதியது, கொட்டிலில் இரண்டும் ஒன்றாக வேலை செய்கின்றன.

இப்போது இந்த நிகழ்வின் கடைசிச் சோதனை. ஒன்று இல்லாததால்தான் ஒரு குறை என்று சொல்கிறோம் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துப் பார்க்க வேண்டும். 2017-இல் பெய்ஜிங்கில் சீன அறிவியல் கழகத்தின் விலங்கியல் நிறுவனத்தில் ஜியாங்குவோ ஜாவ் குழு அதைச் செய்தது. டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில், பன்றியின் செத்துப்போன யூசிபி1 இருக்கும் அதே இடத்தில் எலியின் யூசிபி1-ஐச் செருகினார்கள். அந்த செல்களிலிருந்து படியெடுத்த 2,500-க்கும் மேற்பட்ட கருக்களை 13 தாய்ப்பன்றிகளில் வைத்தார்கள், மூன்று சினைப்பட்டன, 12 ஆண்குட்டிகள் பிறந்தன. குளிரில் வைத்தபோது அவை உடல் வெப்பத்தைச் சாதாரணக் குட்டிகளைவிட நன்றாகக் காத்துக்கொண்டன. வளர்ந்த பிறகு உடல் கொழுப்பு ஏறக்குறைய கால் பங்கு குறைவு, சதைப்பற்று அதிகம்.

பாராட்ட வேண்டிய வேலை. ஆனாலும் இதைப் "பழையதைத் திருப்பிக் கொடுத்தார்கள்" என்று எழுதுவது சரியில்லை. செருகிய மரபணுவை இயக்கியது அடிப்போனெக்டின் மரபணுவின் முன்பகுதி, அது கொழுப்பு செல்லில் பொதுவாக இயங்குவது. அதாவது இவை ஆற்றலைச் சேமிக்கும் சாதாரண வெள்ளைக் கொழுப்பில் யூசிபி1 வைத்திருக்கும் பன்றிகள், பழுப்புக் கொழுப்பு திரும்பி வந்த பன்றிகள் அல்ல. யூசிபி1 இருந்தால் பன்றியால் குளிரை மேலும் தாங்க முடியும் என்பதை இது நிரூபிக்கிறது, அவ்வளவுதான், அதுவே பெரிய விஷயம்.

செய்திகளில் ஒல்லிப்பன்றி என்ற பகுதிதான் பெரிதாக ஓடியது, உடனே மனிதருக்கும் இது கொழுப்பெரிக்கும் மரபணு என்று பேச்சு கிளம்பியது. அந்த ஆய்வறிக்கையிலேயே ஒரு வரி இருக்கிறது: அந்தப் பன்றிகளின் மொத்த அன்றாட ஆற்றல் செலவில் மாற்றம் இல்லை. கொழுப்பு குறைந்தது, ஆனால் நாள் முழுக்கக் கூடுதலாக எரித்ததால் அல்ல. எலிகளிலும் இதே சிக்கல் முன்பே வந்திருக்கிறது. 1997-இல் யூசிபி1 நீக்கிய எலியை லெஸ்லி கோசாக் ஆய்வகத்தில் உருவாக்கினார்கள், அது குளிரில் தடுமாறியது, ஆனால் குண்டாகவில்லை. 2009-இல் ஸ்டாக்ஹோமில் பார்பரா கேனன், யான் நெடர்கார்ட் குழு அதே எலிகளை அவற்றுக்கு இதமான 30 டிகிரியில் வளர்த்தபோது குண்டாயின. சுற்றுப்புற வெப்பம் மாறினால் இந்த மரபணு சொல்லும் பதிலும் மாறுகிறது. இணைப்பறுப்பை மாத்திரையாக விழுங்கிய வரலாறும் நமக்கு இருக்கிறது. டைநைட்ரோஃபீனால் என்ற வேதிப்பொருள் எல்லா செல்களிலும் இதே வேலையைச் செய்யும், 1933 முதல் அமெரிக்காவில் எடை குறைக்க ஆயிரக்கணக்கானோர் சாப்பிட்டார்கள், கண்புரையும் உடம்பு கொதித்து மரணமும் வந்தன, 1938-இல் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று அறிவிக்கப்பட்டது. யூசிபி1-ஐ அடைத்து வைக்க நியூக்ளியோடைடு இருக்கிறது, டைநைட்ரோஃபீனாலை அடைக்க உடம்பில் எதுவும் இல்லை. இன்றும் இணையத்தில் அதை விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள்.

இன்னொரு கிளையையும் சொல்லிவிட வேண்டும். 1997-இல் யூசிபி2, யூசிபி3 என்று இரண்டு உறவுக்கார மரபணுக்கள் கிடைத்தன, மனிதரில் 11-ஆம் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில். பெயரைப் பார்த்து இவையும் சூடு உண்டாக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், ஆனால் இவற்றை நீக்கிய எலிகள் குளிரில் தடுமாறவில்லை. யூசிபி2 பல திசுக்களில், யூசிபி3 முக்கியமாகத் தசையில். சூட்டுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று பலர் விட்டுவிட்ட பிறகு பன்றியிலேயே ஒரு திருப்பம் வந்தது. கடுங்குளிர் தாங்கும் திபெத்தியப் பன்றியையும் சீனாவின் வடகிழக்கிலிருக்கும் மின் பன்றியையும் ஆராய்ந்த சீன ஆய்வாளர்கள், குளிர் பட்டதும் அவற்றின் வெள்ளைக் கொழுப்பில் பழுப்பின் சாயலுள்ள செல்கள் தோன்றுவதையும் அங்கே யூசிபி3 இணைப்பறுக்கும் வேலையைச் செய்வதையும் 2017-இல் வெளியிட்டார்கள். குளிர் தாங்காத பாமா பன்றியில் அது நடக்கவில்லை. அதே ஆண்டு வேறொரு குழு, கால்சியத்தை உள்ளும் வெளியும் வீணாகச் சுற்றவிட்டுச் சூடு உண்டாக்கும் வழி பன்றியின் கொழுப்பு செல்லிலும் இருப்பதைக் காட்டியது. ஆகவே பன்றி முற்றிலும் கைவிடப்பட்ட விலங்கு இல்லை. குளிர்ப் பகுதிகளில் பன்றி இனவிருத்தி செய்கிறவர்கள் வேறு விலங்கின் மரபணுவைத் தேடுவதற்கு முன் இந்த நாட்டு இனங்களைப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து.

கொட்டிலில் இதெல்லாம் என்ன மாற்றுகிறது? தாய்க்கு 20 டிகிரி இதம், 25-ஐத் தாண்டினால் தீனி குறையும், பால் குறையும். குட்டிக்கு 34 வேண்டும். ஒரே அறையில் இரண்டு தட்பவெப்பம் தேவைப்படுகிறது, நம் ஊர் வெண்பன்றிப் பண்ணைகளில் வெயில் காலத்தில் இது இன்னும் இறுகும். மின்விசிறியைத் தாய்க்குப் போட்டால் ஈரக் குட்டிக்கு அது ஆபத்து. அறை முழுவதையும் சூடாக்கினால் தாய் தவிக்கும். ஆகவே தாய் நுழைய முடியாத ஒரு மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அங்கே மட்டும் சூட்டு பல்பு, அடியில் வைக்கோல் அல்லது ரப்பர் விரிப்பு. பல்பை ஈனிய பிறகு போடாதீர்கள், ஈனத் தொடங்கும் முன்பே போட்டு மூலையைச் சூடாக்கி வையுங்கள், ஏனென்றால் குட்டி வெப்பத்தை இழப்பது முதல் மணி நேரத்தில்தான். பிறந்த குட்டியை உடனே துடைத்துக் காயவையுங்கள், சிறியதைக் கையில் எடுத்து மடியில் சேர்த்துச் சீம்பால் குடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள். தாய்க்குக் கொஞ்சம் வைக்கோல் போடுங்கள், அது கூடு கட்டட்டும்.